அழிய மறுத்த சிப்

என் வயதுப் பெண்களே, அந்த மூன்று நாளுக்கென்று வீட்டில் தனியாக ஒரு தட்டு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் அது அலுமினியத் தட்டு. ஓரம் நெளிந்து, பின்வாசல் பக்கம் ஓர் ஆணியில் தொங்கும். கூடவே ஒரு டம்ளர், சுருட்டி வைத்த கோரைப்பாய். சின்ன வயசுப் பெண்களிடம் சொன்னால் "ஐயோ, நிஜமாவா ஆன்ட்டி!" என்று கண்ணை விரிக்கிறார்கள். அவர்களுக்கு உட்கார வைத்து விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. உங்களிடம் என்றால் நேரே கதைக்குப் போய்விடலாம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். வம்பு புரட்டாசியில் தொடங்கித் தையில் முடிந்தது. எனக்குப் பதிமூன்று வயது, பெரியவளாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் மாடி வீடு எங்களுக்கு. அப்பா பட்டறையில் ஃபிட்டர். காலையில் சங்கு ஊதினால் தெரு முழுக்கச் சைக்கிள், சாயங்காலம் ஊதினால் அதே சைக்கிள்கள் அலுத்துப்போய்த் திரும்பி வரும். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான். அவ்வளவுதான்.

அண்ணன் பாலிடெக்னிக் முடித்திருந்தான். அப்பா அவன் பெயரைப் பட்டறையில் அப்ரண்டிஸுக்கு எழுதிப் போட்டிருந்தார். அண்ணனுக்கு அதில் துளியும் மனசில்லை. அவனுக்கு எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம். கூடத்து மூலையில் ஒரு பலகை, அதன்மேல் உடைந்த ரேடியோக்கள், ஒயர்கள், ஈயம் பற்றவைக்க ஒரு சால்டரிங் அயர்ன், முள் ஆடுகிற மீட்டர் ஒன்று. அம்மா அதைக் "குப்பைக் கடை" என்பாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் திட்டுவதே அப்படித்தான். சால்டர் புகை வாசனை வந்ததும் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் கதவைத் தாண்டியதும் அண்ணனின் தோள் ஒரு அங்குலம் தொங்கும். நான் பார்த்திருக்கிறேன்.

அரியமங்கலம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. அதன் முதலாளி துறையூர்க்காரர், விவசாயக் குடும்பம். அந்தக் காலத்துக் கரண்ட் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாமல் ஆட்கள் மோட்டார் ரூமிலேயே காத்துக் கிடப்பார்கள். கரண்ட் வந்ததும் தானே மோட்டாரைப் போட்டு, ஒரு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சி, தானே நிறுத்துகிற ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. அண்ணன் அவரிடம் போய், "நான் பண்ணித் தரேங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

"வாயால சொன்னா ஆச்சா தம்பி? ஓடற போர்டோட வாங்க. தீபாவளி முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை வாங்க. ஓடுச்சுன்னா அன்னிக்கே வேலையில சேர்ந்துக்கங்க" என்று அவர் சொன்னாராம்.

அதை அண்ணன் அப்பாவிடம் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தபடியே, "அந்தத் திங்கள் வரைக்கும் பாரு. ஓடலைன்னா பேசாம பட்டறைக்கு வந்துரணும். சரிதானா?" என்றார்.

"சரிப்பா" என்றான் அண்ணன்.

இவ்வளவுதான் பந்தயம். திங்கட்கிழமை போர்டு ஓடினால் அவன் விரும்பிய வேலை. ஓடாவிட்டால் பட்டறை.

பெட்டிக்குள் உட்காரப்போகிற அந்தப் போர்டின் உயிர் ஒரே ஒரு சிப்பில் இருந்தது. மைக்ரோகன்ட்ரோலர் என்பார்கள். நாற்பது கால், கறுப்பு உடம்பு, முதுகில் மட்டும் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். உள்ளே தங்கக் கம்பிகள் தலைமுடியைவிட மெலிசாகத் தெரியும். மெட்ராஸில் அண்ணனின் சிநேகிதன் ஒருவன் எங்கோ கெஞ்சி வாங்கி அனுப்பியது. இன்னொன்று கிடைக்க வழியே இல்லை. அதில் புரோகிராம் எழுதுகிற மெஷினை ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் டிவி ரிப்பேர் பார்த்த ஒரு மாமா சொந்தமாகச் செய்து வைத்திருந்தார். எழுதியதை மாற்ற வேண்டுமானால் முதலில் பழையதை அழிக்க வேண்டும். அதற்கென்று ஒரு விளக்கு உண்டு, அது மாமாவிடம் இல்லை. அதனால் வெயில். சன்னலை மேலே பார்க்க வைத்து ஏழெட்டு நாள் நல்ல வெயிலில் காய விட்டால் உள்ளே எழுதியதெல்லாம் அழிந்துவிடும். சிப் வந்தபோது அதில் யாரோ எழுதியது இருந்தது. சித்திரை வெயிலில் ஒரே வாரத்தில் அழித்துவிட்டோம்.

அழித்துவிட்டோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வேலை என்னுடையது. சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளில் சிப்பின் கால்களைக் குத்தி, ஒரு தகர மூடியில் வைத்து, மொட்டைமாடிக்குக் கொண்டுபோவேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர மூடியையும் நகர்த்துவேன். காக்காய் விரட்டுவேன். அண்ணன் என்னைப் பெரிய இஞ்சினியர் மாதிரி, "இன்னிக்கு எத்தனை மணி நேரம் மேடம்?" என்று கேட்பான். நான் நோட்டில் எழுதி வைத்ததைப் பார்த்துச் சொல்வேன். என் வாழ்க்கையில் ஒருவர் என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆவணியில் அண்ணன் அவனுடைய புரோகிராமை எழுதி ஓட்டிப் பார்த்தான். ரிலே என்ற சுவிட்ச் டக்கென்று போட்டது, மோட்டாருக்குப் பதில் வைத்த விளக்கு எரிந்தது, டக்கென்று நின்றது. ஆனால் ஒரு மணி நேரத்தை நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டது. கணக்கில் எங்கோ பிசகு. ராப்பகலாகக் காகிதத்தில் கணக்குப் போட்டுத் தப்பைக் கண்டுபிடித்தான். "பூஜை முடிஞ்சதும் வெயில்ல வச்சுருவோம். பத்து நாள் போதும்" என்று, சன்னல் மேல் வெளிச்சம் படாமல் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைக்கூட உரித்துவிட்டான்.

ஆயுத பூஜை வந்தது. சொல்லி வைத்தாற்போல் எனக்கு அன்றைக்குத்தான் இரண்டாம் நாள். பின்கட்டில் கோரைப்பாயில் உட்கார்ந்து, கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வாழைக்கன்று வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அப்பா பட்டறையில் பூஜை முடித்து, பொரி மூட்டையும் ஒரு சின்ன டப்பாவில் சந்தனமும் கொண்டுவந்தார். அது பட்டறைச் சந்தனம். எண்ணெய் ஊறிய இரும்பில் வெறும் சந்தனம் நிற்காது, மறுநாளே உதிர்ந்துவிடும் என்று அவர்கள் அதில் கொஞ்சம் வார்னிஷ் விட்டுக் குழைப்பார்கள். வைத்த பொட்டு மறு வருஷப் பூஜை வரைக்கும் மெஷினில் நிற்க வேண்டும். அது அவர்களுக்கு ஒரு கௌரவம்.

அப்பா தன் ஸ்பானர்களையும் அளவு பார்க்கிற வெர்னியரையும் துடைத்து வரிசையாக வைத்தார். என் பாடப் புத்தகங்களை அடுக்கினார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். நின்றவர் கூடத்து மூலைக்குப் போய், அண்ணனின் போர்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து, தன் வெர்னியருக்குப் பக்கத்திலேயே வைத்தார். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டார். எங்கே வைப்பது என்று குனிந்து தேடினார். அங்கே கம்பியும் ஈயமுமாக இருந்த இடத்தில் பொட்டு வைக்கத் தோதாக இருந்தது அந்த ஒரே சன்னல்தான். நடு மத்தியில், அழகாக, உருண்டையாக வைத்தார். மேலே குங்குமம்.

சால்டர் புகை வந்தாலே எழுந்து போகிற மனுஷன்! அண்ணன் எப்போது வருவான், எப்போது சொல்லுவோம் என்று துடித்தேன்.

சாயங்காலம் அண்ணன் வாழைக்கன்றை வாசலிலேயே வைத்துவிட்டுச் சிநேகிதர்களோடு போய்விட்டான். அப்பாவும் அம்மாவும் எதிர் பிளாக்கில் பூஜைக்குப் போனார்கள். நான் மட்டும் வீட்டில். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கூடத்துக் கூரையில் ஒரு மூலை ஒழுகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பூஜை வரிசை அந்த மூலைக்குக் கிட்டத்தில்தான் இருந்தது. முதல் சொட்டு வெர்னியர் மேல் விழுந்தது. அடுத்தது போர்டுக்கு ஒரு சாண் தள்ளி. நான் என்ன செய்திருக்க வேண்டும்? பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? ஓடிப் போய்ப் போர்டை எடுத்து, பாவாடையால் மூடி, அலமாரியில் வைத்தேன். திரும்பினால் வாசலில் அம்மா.

"தொட்டியா?"

"மழைம்மா... ஒழுகுச்சு..."

"தொட்டியான்னு கேட்டேன்."

"தொட்டேன்."

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். தலையில் கை வைத்துக்கொண்டு, "பூஜையில வச்சதை... இந்த நாள்ல... எல்லாம் போச்சு" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மஞ்சள் தண்ணீர் கரைத்து எல்லாவற்றின்மேலும் தெளித்தாள். அப்பா நனைந்த வெர்னியரை எடுத்துத் துடைத்தார்.

மறுநாள் விஜயதசமி. அண்ணன் விஷயம் கேட்டுச் சிரித்தான். "ஏம்மா, பாப்பா காப்பாத்திருக்கா. நீங்க தண்ணி தெளிச்சதுதான் ஆபத்து" என்றான். போர்டைக் கையில் எடுத்தவன் பொட்டைப் பார்த்துவிட்டு, "இது யாரு வச்சது?" என்றான்.

"அப்பா."

"அப்பாவா?"

ஈரத் துணியால் பதமாகத் துடைத்தான். சிவப்பும் மஞ்சளும் துணியோடு போயின. சன்னல் பளிச்சென்று ஆனது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மேடம், பிடிங்க" என்று என் கையில் கொடுத்தான்.

முதல் ஐந்து நாள் நல்ல வெயில். அதன் பிறகு ஐப்பசி தன் வேலையைக் காட்டியது. வானம் திறக்கும், மூடும். வெயில் தலை காட்டினால் நான் சாப்பாட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து மாடி ஏறி வைப்பேன், தூறினால் எடுக்கச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சிவிட்டுப் போவேன். அம்மா அதைத் தொட மாட்டாள். பக்கத்து வீட்டு அக்கா எடுத்து வைப்பாள். நோட்டில் கூட்டிப் பார்த்தால் சித்திரையில் வைத்ததைவிட அதிக மணி நேரம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் ஸ்ரீரங்கம் போனோம். மாமா சிப்பை மெஷினில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார். அழிந்திருந்தால் பச்சை விளக்கு. எரிந்தது சிவப்பு.

"என்னடாப்பா, பழசு இன்னும் உட்கார்ந்துண்டிருக்கே. மழைக்காலமோன்னோ, வெயில் போறலை. இன்னும் நாலு நாள் காயட்டும்" என்றார்.

நாலு நாள் காய்ந்தது. சிவப்பு. இன்னும் நாலு நாள். சிவப்பு.

அதற்கப்புறம் அண்ணன் எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தான். சிப்பின் கால்கள் கறுத்திருக்கின்றனவோ என்று இங்க் ரப்பரால் நாற்பது காலையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தான். மெஷினின் சாக்கெட்டை மாமாவே மாற்றினார். எழுதுவதற்கு இருபத்தைந்து வோல்ட் வேண்டும், மீட்டரை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து சரியாக இருந்தது. சாயங்காலம் கரண்ட் குறைவாக வருகிறதோ என்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். அப்போதும் சிவப்பு. வீட்டில் போர்டு முழுக்கச் சால்டரை உருக்கி எடுத்துத் திரும்ப வைத்தான். நேரத்தைக் கணக்கிடுகிற கிரிஸ்டலை மாற்றினான். ஒரு நாள் மாமா சிப்புக்குள் இருப்பதை ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்ல, நான் எழுதினேன். பாதி பழைய புரோகிராம் அப்படியே இருந்தது, மீதி பாதி அழிந்தும் அழியாமலும் குழம்பிக் கிடந்தது.

"நேக்குத் தெரிஞ்சதெல்லாம் பார்த்தாச்சு. சிப்புக்கே ஆயுசு முடிஞ்சுதோ என்னமோ. பெருமாள்தான் வழி விடணும்" என்றார் மாமா. நல்ல மனுஷர். எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறொரு டிவியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் அம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவளுக்குக் காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. என்னிடம் நேராகச் சொல்ல மாட்டாள். அரிசி களைந்துகொண்டே, "பூஜையில இருந்ததுல தீட்டுக் கை பட்டா எப்படி விளங்கும்" என்பாள். துணி பிழிந்துகொண்டே சொல்வாள். நாகம்மன் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். தீபாவளிக்கு எனக்குத் துணி எடுத்தார்கள், கட்டினேன். என்ன நிறம் என்றுகூட ஞாபகம் இல்லை.

ஆரம்பத்தில் அண்ணன் அம்மாவோடு சண்டை போடுவான். "பாப்பாவை ஏம்மா சொல்றீங்க? இதுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கத்துவான். போகப் போகச் சத்தம் குறைந்தது. கடைசியில் அம்மா சொன்னால் அவன் காது கேட்காதவன் மாதிரி இருந்தான். என்னை மேடம் என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. வெயில் வந்தால் அவனே சிப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஓடாத போர்டைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஓடவில்லை என்று தெரியும். ஆனாலும் படம் போட்டு விளக்கினால் இன்னும் கொஞ்சம் அவகாசம் தருவார் என்று நம்பினான். மத்தியானமே திரும்பி வந்துவிட்டான். துறையூர்க்காரர் மரியாதையாகத்தான் பேசினாராம். "தம்பி, எனக்குக் கதை வேணாம், தண்ணி வேணும்" என்றாராம். வேறொரு பையனுக்குச் சொல்லிவிட்டாராம்.

அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "நீ அன்னிக்குத் தொட்டிருக்க வேணாம் பாப்பா" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். வோல்ட்டும் கிரிஸ்டலும் தெரிந்தவன், தேடித் தேடி, கடைசியில் அம்மா நின்ற இடத்துக்கே வந்து நின்றுவிட்டான். எனக்கு அப்போது அழுகைகூட வரவில்லை. அவனே சொன்னால் அது நிஜமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். என் கை என்றால் எனக்கே பயம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சிநேகிதியின் பேனாவை வாங்க யோசித்தேன்.

அடுத்த வாரம் அண்ணன் பட்டறையில் சேர்ந்தான். அப்பா தன் பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் என்று நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அது சந்தோஷம்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சிப்பை அண்ணன் பலகையிலேயே போட்டுவிட்டான். நான் அதைத் திரும்ப எடுத்தேன். மார்கழி முழுக்க, யாருக்கும் சொல்லாமல், லீவு நாளில் மாடியில் வெயிலில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என் கை பட்டுக் கெட்டது என் கையாலேயே சரியாகிவிடாதா என்று ஒரு நப்பாசை. தை பிறந்து ஒரு சனிக்கிழமை, சன்னலில் தூசி என்று நகத்தால் ஓரமாகச் சுரண்டினேன். நகத்தில் ஏதோ தட்டியது. இன்னும் கொஞ்சம் நெம்பினேன். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி, கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய ஏடு வட்டமாக உரிந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனேன். பட்டறைச் சந்தனத்தின் வாசனை.

அதை நோட்டுக்குள் வைத்து, அண்ணன் வந்ததும் காட்டினேன். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மறுநாள் ஸ்ரீரங்கம் போனோம். மாமா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "வார்னிஷ்னா இது! நம்ம கண்ணுக்குக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். ஆனா அழிக்கிற வெயில் இருக்கே, அது இதுக்குள்ள பூராது. குடை பிடிச்சாப்ல நின்னுருக்கு. ஆமா, சன்னல்ல யாரு கொண்டுபோய் வார்னிஷ் அடிச்சா?" என்றார்.

அண்ணன் சிப்பை வாங்கி வெள்ளித்தாளில் குத்த ஆரம்பித்தான்.

ஆறு நாள் தை மாத வெயில். ஏழாம் நாள் மாமா பொத்தானை அழுத்தினார். பச்சை. நான் குதித்தே விட்டேன். புதுப் புரோகிராமை எழுதி, அங்கேயே போர்டில் மாட்டினார்கள். ரிலே டக்கென்று போட்டது. மாமாவின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். சரியாக ஒரு மணி நேரம். டக்.

"இதை மூணு மாசம் முன்னாடி பண்ணியிருக்கப்படாதோ" என்றார் மாமா. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். உள்ளே போய் எனக்கு இரண்டு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார்.

பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலத்தின் கீழே காவிரி நிறைய ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை இல்லை. என் கையே இல்லை!

அண்ணன் வெளியே பார்த்தபடி, "பாப்பா, இதை வீட்டுல சொல்லாத" என்றான்.

"ஏண்ணா?"

"அப்பா முதல் தடவையா என் பொருளுக்குப் பொட்டு வச்சாரு. அதனாலதான் எல்லாம் போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் உடைஞ்சு போயிருவாரு. அவரால தாங்க முடியாது."

"அப்போ அம்மா என்னைச் சொல்றாங்களே?"

"சொல்லிட்டுப் போறாங்க, விடு. நீ சின்னப் பொண்ணு. ரெண்டு நாள்ல மறந்துருவ."

நான் சரி என்றேன். அவன் என் தலையில் கை வைத்தான், ரொம்ப நாளைக்கு அப்புறம். அந்தக் கைக்காகவே சரி என்றேன். அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாமேல் உயிராக இருந்தான். அதற்கு நான் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவன் யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான். யோசிக்கிற வயசும் இல்லை அவனுக்கு. இருபதுதான்.

துறையூர்க்காரரிடம் ஒரு தடவை போய்க் காட்டினான். "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி" என்றாராம். அதற்குள் பட்டறையில் கையெழுத்துப் போட்டாயிற்று. போர்டைப் பரண்மேல் தூக்கிப் போட்டான். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

மறந்துவிடுவேன் என்றானே, எங்கே மறக்க விட்டார்கள்? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், எனக்கு அந்த நாளோ இல்லையோ, அம்மா என்னைக் காலையிலேயே சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். பத்தாவது முடித்தபோது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். ஆசையாகக் கேட்டேன். அப்பா ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "அது வேணாம்மா. உன் கைக்கு அது ஆகாது. அக்கவுண்டன்ஸி எடு, நல்லா வரும்." அண்ணன் அப்போது கூடத்தில்தான் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். நான் அக்கவுண்டன்ஸி எடுத்தேன். நன்றாகத்தான் வந்தது. ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை.

அப்பா ஓய்வு பெற்றபின் பாலக்கரையில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அம்மா முதலில் கண்ணை மூடினாள். கடைசி நாள்வரைக்கும் அவள் நம்பியது மாறவில்லை. சில வருஷம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். நான் லீவு போட்டு வந்து கூடவே இருந்தேன். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்று மாத்திரை அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "பாப்பா, ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன்."

"சொல்லுங்கப்பா."

"அந்தப் போர்டு ஓடும்னு நான் நம்பினேன். வெளிய காட்டிக்கல. உங்கண்ணன் பெரிய ஆளா வந்துருவான்னு நினைச்சேன். நீ அன்னிக்கு அதைத் தொட்டதுல உன்மேல எனக்கு ஒரு வருத்தம் இருந்துச்சும்மா. இத்தனை வருஷமா இருந்துச்சு. இப்ப இல்லை. சின்னப் பொண்ணு, உனக்கு என்ன தெரியும் அப்போ. நான் மன்னிச்சுட்டேன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மாத்திரை அட்டையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் எதையோ படித்தான். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருக்கலாம். அப்பாவின் கை என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"மத்தியானத்துக்கு இது ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டான் அண்ணன்.

"ஒண்ணுதான்" என்றேன். பிறகு அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு, "சரிப்பா" என்றேன்.